ஏழாம் லேனில் ஒரு சந்தனப் பொட்டு

மேட்டூர் அணை திறக்காத வருடமெல்லாம் வலங்கைமான் அழும். கடைத்தெருவில் வீரையனின் கடை மட்டும் சிரிக்கும். வாய்க்காலில் தண்ணீர் வராத குடியானவர்கள் போர்வெல் மோட்டாரை ராப்பகலாக ஓட்டுவார்கள். குறைந்த கரண்டில் மோட்டாருக்குள் செப்புக்கம்பிக் காயில் கருகும். மறுநாள் மோட்டாரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து வீரையனின் வாசலில் இறக்குவார்கள். "ஊரு வயித்தெரிச்சல்ல நாம சோறு திங்கிறோம்" என்று மனைவி ஈஸ்வரி சொல்லிக் காட்டுவாள். "டாக்டரும் அப்படித்தான் திங்கிறாரு, அவரைப் போய் யாராச்சும் கேக்குறீங்களா?" என்பார் வீரையன். நியாயமான கேள்விதான். ஆனால் டாக்டரிடம் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வீரையனிடம் வருவது நின்றுவிட்டது. எல்லோரும் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினார்கள். அது கெட்டால் கம்பெனி ஆள் வந்து பழையதைக் கழற்றிக்கொண்டு புதியதை இறக்கிவிட்டுப் போனான். கடை தானாகவே செத்தது. வீரையன் பூட்டு மட்டும் போட்டார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சரிசெய்த மோட்டாரைப் பொட்டு வைக்காமல் திருப்பிக் கொடுத்ததே இல்லை. இது அவருடைய பைத்தியம் மட்டுமல்ல, அந்தப் பக்கத்துப் பைத்தியம். அறுவடை மெஷின் சந்தனம் வாங்காமல் வயலில் இறங்காது. டிராக்டர், டிரான்ஸ்ஃபார்மர், மருந்து தெளிக்கும் டிரம் எதுவும் தப்பாது. இரும்பு என்று ஒன்று சோறு போட்டால் அதற்கு ஒரு நெற்றி இருந்தே தீரும் என்பது டெல்டாக்காரர்களின் கணக்கு.

நாற்பதைத் தாண்டிய வயதில் வீரையன் தஞ்சாவூரின் ஓரத்தில் இருந்த ஒரு ரைஃபிள் கிளப்பில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். அவருக்கு அன்றுவரை தெரிந்த துப்பாக்கி, திருவிழாவில் பலூன் உடைக்கிற துப்பாக்கி ஒன்றுதான். அங்கே டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் கனமான கோட்டு மாட்டிக்கொண்டு, பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள காகிதத்தில் கடுகளவு புள்ளியை ஏர் ரைஃபிளால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஏன் இத்தனை வேர்வை என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை.

பிறகு காகிதம் போய் எலக்ட்ரானிக் டார்கெட் வந்தது. ஒரு கறுப்பு இரும்புச் சட்டம். அதன் உள்விளிம்பு முழுக்கக் கண்ணாடிக் கீற்று. கீற்றிலிருந்து கீற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள். குண்டு நடுவே புகுந்து போகும்போது எந்தக் கோடுகளை மறைத்தது என்று பார்த்து, எங்கே பட்டது என்பதை எந்திரம் சொல்லிவிடும். சுடுகிறவர் பக்கத்திலிருக்கும் மானிட்டரில் அந்தக் கணமே புள்ளி விழும், மார்க் விழும். இனி சண்டையே வராது என்று நினைத்தார்கள். சண்டை இரண்டு மடங்கானது. சுடுவது என்னவோ பிள்ளைகள். சட்டையைப் பிடிக்க வருவது அப்பாக்கள். "உங்க மெஷின் தப்பா காட்டுது" என்று காரிலிருந்து இறங்கும்போதே ஆரம்பிப்பார்கள். டார்கெட்டைப் பராமரிப்பவர் வீரையன் என்பதால் அவர் தலையில்தான் விடியும். அவர்கள் எதிரில் அவர் வாயைத் திறக்கமாட்டார். அவர்கள் போனபின் கிளப் ஆட்களிடமும், வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டும், "கை ஆடுனவனெல்லாம் மெஷினைத்தான் சொல்றான்" என்பார். எத்தனை தடவை சொன்னாரோ, அது அந்த வீட்டுச் சுவரில் கரி பிடித்த மாதிரி ஒட்டிக்கொண்டது.

அதைக் கேட்டு வளர்ந்தவள் மகள் பிரகதீஸ்வரி. எல்லோருக்கும் பிரகதி. லீவு நாளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவளை ஒருநாள் கோச் கூப்பிட்டு, சும்மா பிடித்துப் பார் என்று ரைஃபிளைக் கையில் கொடுத்தார். பிடித்தவள் அசையவில்லை. நாற்றுமுடி தூக்கிப் பழகிய தோள். ஆடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. வீரையன் பெற்ற பிள்ளை, கிளப் ரைஃபிளால் சுட ஆரம்பித்தது அப்படித்தான். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குச் சொந்த ரைஃபிள் ஜெர்மனியிலிருந்து வந்தது. பிரகதிக்கு யாரோ சுட்டுத் தேய்ந்த ரைஃபிள். கட்டையில் மூன்று பேருடைய தாடையின் வேர்வை ஊறியிருந்தது. அதை வைத்துக்கொண்டே அவர்களுக்குச் சரிசமமாகச் சுட்டாள்.

கிளப் ரைஃபிளுக்கு ஒரு விதி உண்டு. ஜூனியர் வயது முடியும்வரைதான் தருவார்கள். அதற்குள் மாநிலப் போட்டியில் தகுதி மார்க்கைத் தொட்டுவிட்டால் தேசியப் போட்டி. விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி, விடுதி, சாப்பாடு எல்லாம் தானாக நடக்கும். தொடாவிட்டால் ரைஃபிள் கிளப்புக்கு, பிள்ளை வீட்டுக்கு. போன இரண்டு வருடமும் பிரகதி தகுதிக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இது கடைசி வருடம். ஈஸ்வரி தன் பங்குக்குக் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சொல்லி வைத்திருந்தாள். பகல் முழுவதும் நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்டும் வேலை. "நிக்கிறதுக்குத்தான் நல்லாப் பழகியிருக்காளே" என்றாள். அதில் கிண்டல் இல்லை. மகளுக்கு எங்கேயாவது ஒரு இடம் இருக்கட்டும் என்கிற பயம்தான் இருந்தது.

அந்த வருடம் மாநிலப் போட்டியைத் தஞ்சாவூரில் நடத்தப் போகிறோம் என்று கிளப் செயலாளர் நடராசன் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். கட்டடம் கட்டும் கான்ட்ராக்டர். ஒப்புக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. கிளப்பில் இருந்ததோ பத்து லேன், அதாவது பத்துப் பேர் வரிசையாக நின்று சுடும் இடம். வரப்போவதோ எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும். அலைந்து திரிந்து, புறவழிச் சாலையில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லின் குடோனைப் பிடித்தார். நாற்பது லேன் போடலாம், தகரக் கூரை, காற்று எட்டிப் பார்க்காது. சென்னையிலிருந்து வாடகைக்கு டார்கெட்டுகள் லாரியில் வந்தன. கூடவே வந்தவன் சலாஹுதீன், அந்தக் கம்பெனி டெக்னீஷியன். சொந்த ஊர் கூத்தாநல்லூர். நம்ம பக்கத்துப் பையன் என்பதில் வீரையனுக்குப் பாதி பாரம் இறங்கியது.

துப்பாக்கிப் போட்டி என்றால் சுடுவதுதான் என்று நினைப்பவர்கள் அந்த வாரம் குடோனுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். முதலில் தவிடும் உமியும். எத்தனை கூட்டினாலும் கூரையிலிருந்து மறுபடி உதிரும். ஒளியால் பார்க்கிற எந்திரத்துக்குத் தூசிதான் எமன் என்பதால் கூரைக்குக் கீழே முழு நீளத்துக்கும் பந்தல் துணி கட்டினார்கள். சிட்டுக்குருவிகளுக்கு வலை போட்டார்கள். நெல் வழிந்தோட வசதியாகத் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. டார்கெட்டின் நடுப்புள்ளியோ நாற்பது லேனிலும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். கொத்தனார்கள் அஸ்திவாரம் பார்ப்பதுபோல் வீரையன் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் மட்டம் பிடித்து, அடியில் பலகை கொடுத்தார். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளியில் நாற்பது மானிட்டரும் கண்ணை மூடிவிடும் என்பதால் ஒவ்வொரு வரிசைக்கும் பேட்டரி. பிள்ளைகள் நாற்பது நாற்பது பேராக வருவார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்கு டீட்டெயில் என்று பெயர். ஒரு டீட்டெயில் முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள் ஒவ்வொரு டார்கெட்டுக்கும் குண்டு துளைத்த பின்னட்டையை மாற்றி, கண்ணாடி துடைத்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து வெளியே வர வேண்டும். வீரையனும் நாலு ஆட்களும் ஓடினார்கள்.

எல்லாம் நிறுத்தி முடித்த அன்று வீரையன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். சலாஹுதீன் குறுக்கே வந்து நின்றான்.

"அண்ணே, ஜெனரேட்டருக்கு வைங்க, வாசல் கதவுக்கு வைங்க, எனக்கு வேணும்னாலும் வைங்க. ஃபிரேம்ல மட்டும் வேணாம். உள்பக்கம் முழுக்கக் கண்ணு இதுக்கு."

"பொட்டுன்னா நெத்தியிலதானே தம்பி வைக்கிறோம். கண்ணுலயா வைக்கிறோம்?"

"இதுக்கு நெத்தியே கிடையாதுண்ணே. எல்லாமே கண்ணுதான்."

போன மாதம் வேறொரு ஊரில் யாரோ குங்குமம் வைத்து மூன்று ஃபிரேம் பாழானதாம். அதைக் கேட்ட நடராசன் எல்லா ஆட்களையும் கூப்பிட்டு நிறுத்தினார். நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பிரகதியும் அங்கேதான் நின்றாள். "ஃபிரேம்ல எவன் கை வச்சாலும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். பழைய ஆளு, புது ஆளுன்னு பாக்கமாட்டேன்" என்றார். பழைய ஆள் என்று சொல்லும்போது வீரையனைப் பார்த்தார். வீரையன் ஜெனரேட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு, கிண்ணத்தை ஸ்டோர் ரூம் ஜன்னலில் வைத்தார். மனசு ஆறவில்லை.

போட்டி ஆரம்பித்தது. ஆனி மாத வெயிலில் தகரம் கொதித்தது. இரண்டு நாள் ஒரு டார்கெட்டும் சிணுங்கவில்லை. மூன்றாம் நாள் காலை டீட்டெயிலில் பிரகதியின் பெயர். கம்ப்யூட்டர் அவளுக்கு ஏழாம் லேனைக் கொடுத்திருந்தது. ஈஸ்வரியால் வர முடியவில்லை. குறுவை நடவுக்கு ஆள் கிடைத்ததே அன்றைக்குத்தான். காலையில் பஸ் ஏற்றிவிடும்போது மகளின் தலையைத் தடவிவிட்டு, "ஆனது ஆகட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

வீரையன் வரிசையாகப் பின்னட்டை மாற்றிக்கொண்டே வந்தார். ஏழாம் லேனுக்கு வந்ததும் கால் நின்றது. இரண்டு வருடம் மயிரிழையில் போனது. இது போனால் கும்பகோணம். கையாலாகாத அப்பன் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பு ரொம்ப நாளாகவே உண்டு. சொந்த ரைஃபிள் வாங்கித் தர முடியவில்லை. நல்ல கோட்டு வாங்கித் தர முடியவில்லை. அவரால் செய்ய முடிந்ததெல்லாம் இந்த டார்கெட்டை மட்டமாக நிறுத்துவது ஒன்றுதான். அதை எல்லோருக்கும் செய்தாகிவிட்டது. மகளுக்கென்று தனியாக என்ன செய்தோம் என்று தோன்றிவிட்டது.

சட்டத்தின் மேல்பக்க உள்விளிம்பில், கண்ணாடிக் கீற்றுக்குச் சற்று முன்னால், விரலகல வெறும் இரும்பு இருந்தது. கண்ணாடியைத் தொடவில்லை. மேலே இருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியாது. இதற்கும் ஒரு நெற்றி இருக்கத்தான் செய்கிறது என்று அவருக்குப் பட்டது. ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குப் போய் ஒரு விரல் சந்தனம் வழித்து வந்தார். தடிமனாகவே வைத்தார். கண்ணை மூடி ஒரு கணம் நின்றார். பச்சை விளக்கு எரிந்தது. எந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே நின்று சுடுகிறவர் கண்ணுக்கு மட்டும் அந்த இடம் தெரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

சுடும்போது ஆட்கள் உள்ளே இருக்கக் கூடாது. வீரையன் வெளியே, பெற்றோர் கூட்டத்துக்குப் பின்னால், பெரிய திரைக்கு முன் நின்றார். நாற்பது பேருடைய மார்க்கும் அதில் ஓடும். அவருக்கு ஏழாம் வரி மட்டுமே தெரிந்தது.

மொத்தக் குண்டுகளில் முதல் கால்வாசி, அவர் பார்த்ததிலேயே மகள் நன்றாகச் சுட்ட கால்வாசி. குண்டுக்குக் குண்டு நடுவிலேயே உட்கார்ந்தது. தகுதிக் கோட்டுக்கு மேலேயே, தாராளமாகவே போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ, "ஏழாம் லேன்ல யாருங்க அது, தஞ்சாவூர் பொண்ணா?" என்று கேட்டார்கள். என் பொண்ணு என்று சொல்ல வாய் வரை வந்தது. முடியட்டும் என்று விழுங்கிக்கொண்டார். பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது, அந்தக் கால்வாசி நேரம் மட்டும்தான் அவர் வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து நின்ற நேரம்.

பிறகு ஒரு குண்டு கொஞ்சம் இடப்பக்கம் விழுந்தது. அடுத்ததும் இடம். அதற்கடுத்ததும். வீரையனுக்கு மகள்மேல் கோபம் வந்தது. கையை விட்டுட்டாளே, மூச்சை விட்டுட்டாளே என்று பல்லைக் கடித்தார். எந்திரத்தைப் பற்றி அவருக்கு ஒரு நொடி கூடச் சந்தேகம் வரவில்லை. மட்டம் பிடித்தவர் அவரல்லவா.

பிரகதி கொஞ்ச நேரம் துப்பாக்கியை இறக்கி நின்றாள். கண் வைத்துப் பார்க்கும் வளையத்தின் பக்கத்தில் ஒரு திருகு உண்டு. ஒரு கிளிக் திருகினால் குண்டு ஒரு இம்மி நகரும். வலப்பக்கமாகத் திருகினாள். மறுபடி நடுவில் விழ ஆரம்பித்தது. வீரையன் மூச்சு விட்டார். அப்படியே கொஞ்ச தூரம் போனது. பிறகு திடீரென்று ஒரு குண்டு வலப்பக்கம் எகிறியது, நல்ல மோசம். அடுத்ததும் அப்படியே. அவள் திருப்பித் திருகினாள். எவ்வளவு திருப்புவது என்று தெரியாமல் இன்னும் நாலைந்து போயின. மீண்டும் நடுவுக்கு வந்தபோது வரி கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கடைசிவரை நன்றாகத்தான் சுட்டாள். ஏறி வந்தது, போதவில்லை. தகுதிக் கோட்டைத் தொட இரண்டு புள்ளிகூட இல்லை, அதுதான் பாக்கி.

கூட்டம் அவரவர் பிள்ளையைத் தேடிப் போனது. வீரையன் வேலையைப் பார்க்கப் போனார். அடுத்த டீட்டெயிலுக்குப் பின்னட்டை மாற்ற வேண்டும். அழுவதற்கெல்லாம் அட்டவணையில் இடம் இல்லை. ஒன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டே ஏழுக்கு வந்து குனிந்தார்.

மேல் விளிம்பில் மஞ்சளாக ஒரு வட்டக் கறை மட்டும் இருந்தது. சூட்டில் காய்ந்து, குண்டு பின்னட்டையில் மோதும் அதிர்ச்சியில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. ஒரு பெரிய பொருக்கு கீழ்க் கண்ணாடிக் கீற்றில் இடப்பக்கம் விழுந்து கிடந்து, பிறகு அங்கிருந்தும் நழுவியிருக்கிறது. அது கிடந்த இடத்தில் மஞ்சள் பொடி, நழுவிய தடம், அடியில் பொருக்கு. வாழ்நாளெல்லாம் கருகிய காயிலைப் பார்த்து எங்கே தீய்ந்தது என்று சொன்ன மனிதர். ஒரு பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. அது கிடந்த நேரமெல்லாம், அது மறைத்த வெளிச்சத்தையும் குண்டின் நிழலோடு சேர்த்துக்கொண்டு, நடுவில் போன குண்டை இடம் போனதாக எந்திரம் சொல்லியிருக்கிறது. மகள் அந்தப் பொய்யை நம்பித் திருகினாள். பொருக்கு நழுவியதும் எந்திரம் உண்மை பேச ஆரம்பித்தது. கை ஆடவே இல்லை.

பக்கத்தில் யாரோ குனிவது தெரிந்தது. சலாஹுதீன். கறையைப் பார்த்தான், வீரையனின் விரலைப் பார்த்தான். நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சந்தேகம்னு பொண்ணு கையைத் தூக்கியிருந்தா அந்த நிமிஷமே வேற லேன் குடுத்திருப்பாங்கண்ணே. அடுத்த குண்டு சுடுறதுக்குள்ள சொல்லணும். அதான் விதி. ஏன் தூக்கல?"

"இப்ப சொன்னா?"

"இடது போச்சுன்னு காட்டுனதைத் திருத்தலாமோ என்னமோ. வலது போனதெல்லாம் நெசமாவே வலது போனதுதானே. அதை எப்படித் திருத்துவாங்க?" கொஞ்சம் தயங்கினான். "சொல்றதுன்னா சொல்லுங்கண்ணே. ஃபிரேம் என் பொறுப்பு, எனக்கும் சேர்த்துத்தான் பழி வரும். ஆனா நான் தடுக்கமாட்டேன்."

வீரையன் போனார். போட்டி நடுவர்களான ஜூரியின் மேஜைக்குப் பக்கத்தில் நடராசன் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஏழாம் லேன் டார்கெட்டு..." என்று ஆரம்பித்தார்.

நடராசன் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தார். வீரையனின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பில்லை, தோளில் கைகூடப் போட்டார்.

"நீயுமா வீரையா? பத்து வருஷமா நீ சொல்லித்தான நாங்க கேட்டிருக்கோம். கை ஆடுனவனெல்லாம் மெஷினைத்தான் சொல்றான்னு. பொண்ணுன்னதும் மறந்து போச்சா? போ, போய்ப் புள்ளைக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் குடு."

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வீரையனும் சிரித்தார். அந்த இடத்தில் சந்தனம் என்கிற வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்தது. நாக்குவரை வந்தது. அதைச் சொல்லாமலே திரும்பினார். அதற்குப் பயம் என்று பெயர். அவர் அதற்கு வேறு பெயர் எதையும் தேடவில்லை.

ஸ்டோர் ரூம் வாசலில் பிரகதி நின்றாள். கோட்டைக் கழற்றியிருந்தாள். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கிளப் ரைஃபிளைத் துடைத்து, பெட்டியில் வைத்து, பெட்டியைக் கையில் வைத்திருந்தாள். ரைஃபிள்களை வாங்கிப் பூட்டுகிற வேலையும் வீரையனுடையதுதான். அவர் கையை நீட்டவில்லை. ஜன்னலில் சந்தனக் கிண்ணம் அப்படியே இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"உன் கை ஆடலம்மா" என்றார். "நான்தான்... மேல் விளிம்புல..."

"தெரியும்பா."

அவருக்குப் புரியவில்லை.

"போட்டிக்கு முன்னாடி பழகறதுக்குச் சுட விடுவாங்கள்ல, அப்பவே பாத்துட்டேன். மேல மஞ்சளா தெரிஞ்சுது. எனக்குத்தான் வச்சிருக்கீங்கன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு. இடப்பக்கம் போக ஆரம்பிச்சதும் முதல்ல என் கைன்னுதான் நினைச்சேன். அப்பறம் பாத்தா மஞ்சள் பாதிதான் இருக்கு."

"அப்பவே கையைத் தூக்கியிருக்கலாமேம்மா. அடுத்த லேன் குடுத்திருப்பாங்களே."

"தூக்கப் போனேன். தூக்குனா ஜூரி மூணு பேரும் நேரா டார்கெட்டுக்குத்தான் போவாங்க. யாரு வச்சதுன்னு கேப்பாங்க. இத்தனை பேர்ல அதை வைக்கிறதுக்கு வேற யாரு இருக்கா?"

வீரையன் சுவரில் சாய்ந்தார். "என் வேலை போனா போவுதுன்னு விடுறதுதானே."

"வேலை போனா, நான் காலேஜ்ல போய் உக்காந்துகிட்டு வீட்டுக்கு என்னத்தை அனுப்புறது? அம்மா ஒரு ஆளு நடவு நட்டு எல்லாரும் சாப்பிடுறதா?" அவள் குரல் உயரவில்லை, ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்வதுபோல் சொன்னாள். "ஒரு கிளிக் திருகுனா சரியாயிடும்னுதான் நினைச்சேன். சரியாத்தான் போயிட்டிருந்துச்சு. விழுந்தது அங்கேருந்தும் நழுவும்னு தெரியலப்பா."

உள்ளே மைக்கில் அடுத்த டீட்டெயிலைக் கூப்பிட்டார்கள். நாற்பது பிள்ளைகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து போனார்கள். பிரகதி ரைஃபிள் பெட்டியை அப்பாவின் கையில் வைத்தாள். வைத்த பிறகும் கைப்பிடியிலிருந்து விரலை எடுக்கச் சற்று நேரம் ஆனது.

"அம்மாகிட்ட கை ஆடிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். "நீங்களும் அதையே சொல்லிடுங்க. மாத்திச் சொல்லாதீங்க."

அவள் வாசல் பக்கமாகப் போனாள். வெயிலில் கண் கூசியது. எந்தப் பக்கம் திரும்பினாள் என்று அவர் பார்க்கவில்லை. பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினார். ஈரத்துணியோடு ஏழாம் லேனுக்குப் போனார். கறையைத் துடைத்தார். கண்ணாடிக் கீற்றைத் துடைத்தார். கீழே கிடந்த பொருக்கை எடுத்தார். கீழே போட மனம் வரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுப் பின்னட்டையைச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. வேறு ஏதோ மாவட்டத்துப் பெண் லேனில் வந்து நின்று காலை அகட்டி வைத்துப் பார்த்தாள். சலாஹுதீன் தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினான். ஏழு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

வெளியே வரும்போது போன் அடித்தது. ஈஸ்வரி. பின்னால் நடவு ஆட்களின் பேச்சும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டன. சேற்றுக் கையோடு வரப்பில் நின்று, யாரையோ போனைக் காதில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருப்பாள்.

"என்னங்க ஆச்சு?"

உள்ளே முதல் குண்டு சுடும் சத்தம் கேட்டது. பெரிய திரையில் ஏழாம் வரியில் மார்க் விழுந்தது, நல்ல மார்க்.

"கை ஆடிடுச்சு" என்றார் வீரையன்.